விஷமம் இல்லாத விஷம எண்

புனேயில் தெரு ஓரம் வண்டி நிறுத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. நெரிசலான பல தெருக்களில் ஒரு பக்கம் பி-1 என்று பலகை இருக்கும், எதிர்ப்பக்கம் பி-2. பி-1 பக்கம் 1, 3, 5 என்று வரும் தேதிகளில் நிறுத்தலாம். பி-2 பக்கம் 2, 4, 6 தேதிகளில். பக்கம் மாறினால் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். புரியாமல் விழிக்கிறவரிடம் கடைக்காரர், "இன்று விஷம தாரீக், அந்தப் பக்கம் போடுங்கள்" என்பார். தாரீக் என்றால் தேதி. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பல தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மதுரையிலிருந்து போன வாரம் வேலைக்கு வந்து சேர்ந்த பையனுக்குத்தான் சிரிப்பு வரும். தேதி அப்படி என்ன விஷமம் செய்துவிட்டது?

மராத்தியில் விஷம என்றால் ஒற்றைப்படை. இரட்டைப்படைக்குச் சம. இந்தியிலும் இதே இணைதான். 2016 ஜனவரி 1 முதல் 15 வரை தில்லி அரசு கார்களை அவற்றின் பதிவெண் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடவிட்டதே, அப்போது 'சம-விஷம' என்ற சொற்கள் செய்திகளில் நன்றாக அடிபட்டன.

பெயர் ஆராய்ச்சிக்குப் போகுமுன் அந்தப் பலகைகளைப் பற்றி ஒன்று. சம, விஷம என்று பிரித்தால் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பங்கு கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைக்காது. 31 நாள் மாதத்தில் ஒற்றைத் தேதி 16, இரட்டைத் தேதி 15. அப்படி ஏழு மாதங்கள். 30 நாள் மாதம் நான்கிலும் 15-க்கு 15. பிப்ரவரியில் 14-க்கு 14. கூட்டிப் பாருங்கள்: ஒற்றைத் தேதிகள் 186, இரட்டைத் தேதிகள் 179. லீப் வருடமானால் 187-க்கு 179. 31-ஆம் தேதிக்கு மறுநாள் 1-ஆம் தேதி என்பதால் வருடத்தில் ஏழு முறை விஷமம் இரண்டு நாள் தொடர்ந்து வருகிறது. இதை வைத்து ஒரு கடைக்காரர் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இனி சொல். விஷமம் என்பதற்கும் நஞ்சு என்ற பொருளுள்ள விஷத்துக்கும் உறவு இல்லை. 'விஷம் போன்ற செயல்தான் விஷமம்' என்று விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். காதுக்கு இனிய தப்பு. வி என்ற முன்னொட்டும் ஸம என்ற சொல்லும் சேர்ந்தது இது. வி என்பது இங்கே 'நீங்கிய, அற்ற' என்று பொருள் தரும். சமம் நீங்கியது விஷமம். நடுவில் ஸ எப்படி ஷ ஆயிற்று என்றால், இகரத்துக்கும் உகரத்துக்கும் பின்னால் வரும் ஸகரம் இப்படித் திரிவது சமஸ்கிருதத்தில் வழக்கம். அபி என்பதோடு ஸேகம் சேர்ந்து அபிஷேகம் ஆனதும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் விஷமம் என்ற வடசொல்லைத்தான் மூலமாகக் காட்டுகிறது.

ஆக முதற்பொருள் மேடுபள்ளம். சமதளமாக இல்லாத நிலம். அதிலிருந்து நடக்கக் கடினமான வழி, பிறகு பொதுவாகக் கடினம், பிறகு நேர்மையில்லாத கோணல் நடத்தை. இந்த வழுக்குப்பாதையில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வோர் இடத்தில் கால் ஊன்றிக்கொண்டது. மலையாளி 'எனிக்கு விஷமமாயி' என்றால் அவருக்கு மனம் வருந்துகிறது என்று பொருள். அவர் யாரையும் சீண்டவில்லை. தெலுங்குப் பத்திரிகையில் ஒருவரின் உடல்நிலை விஷமம் என்று வந்தால் ஆள் கவலைக்கிடம். மராத்தியில் விஷமஜ்வர் டைபாய்டு காய்ச்சல். தமிழில் மட்டும்தான் சொல் சிறுபிள்ளையின் குறும்புவரை இறங்கி வந்து, 'விஷமக்காரப் பயல்' என்று கொஞ்சலாகவும் ஆயிற்று. சொல்லின் இந்த இறக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. கொடுமையில் ஆரம்பித்துக் கொஞ்சலில் முடியும் சொற்கள் எந்த மொழியிலும் குறைவு.

எண் பொருளும் தமிழை எட்டாமல் இல்லை. பெயராக வரவில்லை, கதையாக வந்தது. சிவனுக்குச் சமஸ்கிருதத்தில் விஷமநேத்ரன் என்று ஒரு பெயர்: மூன்று என்ற ஒற்றைப்படையில் கண் உடையவன். மன்மதன் விஷமபாணன், ஐந்து அம்பு வைத்திருப்பதால். நம் ஏழிலைப் பாலை மரத்துக்கு அங்கே விஷமச்சதம் என்று பெயர், ஏழு இலை. பொருள் தெரியாமல் தமிழ்க் காதோடு கேட்டால் மூன்று பேரையும் பற்றி யாரோ புகார் கொடுத்தது போலிருக்கும். கர்நாடக இசைக் கச்சேரிகளில் இன்றும் சம எடுப்பு, விஷம எடுப்பு என்கிறார்கள். தாளத்தின் தொடக்கத்தோடு பாட்டு எழாமல் முன்பின் விலகி எழுந்தால் விஷமம். அங்கே ஒருவரும் சிரிப்பதில்லை.

புனே மராத்தியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. விஷமதா என்றால் சமூக ஏற்றத்தாழ்வு. ஜோதிராவ் புலே 1873-இல் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கிய ஊர் இது. சமதா வேண்டும், விஷமதா ஒழிய வேண்டும் என்று மேடைகளில் முழங்கப்படும் ஊரில், அதே சொல் ஏழாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் பெயர். ஏழு செய்த குற்றமெல்லாம் இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஒன்று மிஞ்சுகிறது என்பதுதான்.

இந்தப் பெயர் வருமுன் வேறு பெயர்கள் இருந்தன. ஒற்றைப்படைக்கு ஓஜ, இரட்டைப்படைக்கு யுக்ம. யுக்மம் என்பது நுகத்தில் பூட்டிய இணை. யோகம், நுகம் என்ற பொருளுள்ள யுகம், யுக்மம் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். ஓஜ என்ற சொல்லில் வசை ஏதும் இல்லை. இந்த இரண்டும் பிராகிருதத்தில் ஓக, ஜும்ம என்று திரிந்து சமண நூல்களில் ஓர் அழகான வேலை செய்கின்றன. பகவதி சூத்திரம் என்ற ஆகமம் எண்களை நான்கு நான்காகக் கழிக்கச் சொல்கிறது. மிச்சமில்லாமல் தீர்ந்தால் அந்த எண் கடஜும்ம. மூன்று மிஞ்சினால் தேஓக. இரண்டு மிஞ்சினால் தாவரஜும்ம. ஒன்று மிஞ்சினால் கலிஓக. கட, தே, தாவர, கலி என்பவை வேறெவையும் அல்ல: கிருத, திரேதா, துவாபர, கலி. யுகங்களின் பெயர் எண்ணுக்கு வந்ததா என்று கேட்டால், இரண்டுக்குமே சூதாட்டக் களத்திலிருந்து வந்தது.

பழைய சூது இன்றைய பகடைபோல் ஆறு முகக் கட்டை கொண்டு ஆடப்பட்டதல்ல. தான்றிக்காய்களைக் கைநிறைய அள்ளி, நாலு நாலாகக் கழித்து, மிச்சத்தைப் பார்ப்பார்கள். நாலாகத் தீர்ந்தால் கிருதம், வெற்றி. ஒன்று மிஞ்சினால் கலி, தோல்வி. மகாபாரதத்தின் நளன் கதையில் கலி நளனை விட்டு வெளியேறித் தான்றி மரத்தில் போய் ஒளிவது சும்மா இல்லை. அது அவனுடைய சொந்த வீடு. அதற்குச் சற்று முன்னால்தான், நளன் ஓட்டிய தேரில் வந்த மன்னன் இருதுபன்னன் தேரிலிருந்தபடியே அந்த மரத்தின் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொல்கிறான். அந்த மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் நிறைவு செய்ததும் புனேதான். 1917-இல் தொடங்கிய பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம்.

கடஜும்ம, தாவரஜும்ம இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வேண்டும்.

பண்டிதர் சொல் ஒரு பக்கம் இருக்க, மராத்திச் சிறுவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. ஏகீ-பேகீ. சிஞ்சோகே எனப்படும் புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் மூடி நீட்டி, 'ஏகீயா பேகீயா' என்று கேட்கிற ஆட்டம். நம் 'ஒத்தையா ரெட்டையா'தான். கொட்டைகூட அதே புளியங்கொட்டை. ஏகீயில் இருப்பது ஏக், ஒன்று. பேகீயில் இருப்பது பே. மராத்தியில் இரண்டுக்கு தோன் என்பதுதான் அன்றாடச் சொல். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது பழைய பே வந்துவிடும்: பே ஏகே பே, பே துணே சார், பே த்ரிக் சஹா. குஜராத்தியில் இரண்டுக்கு இன்றும் பேதான். சமஸ்கிருத த்வே என்பதன் தேய்வு. கடையில் செத்துப்போன சொல் வகுப்பறையின் ராகத்தில் உயிரோடு இருக்கிறது.

இந்த ஏகீ-பேகீயில்தான் கதை தலைகீழாகிறது. மராத்தியில் ஏகீ என்றால் ஒற்றுமையும்கூட. பேகீ என்றால் பிளவு, உட்பகை. ஊர் ஏகீயாக இருக்க வேண்டும் என்பார்கள். பேகீ வந்தால் ஊர் கெட்டது. பண்டிதர் சொல் ஒற்றைப்படையைக் கோணல் என்றது. தெருச் சொல் இரட்டைப்படையைப் பிளவு என்கிறது. தமிழர் இதற்கு ஆச்சரியப்பட வேண்டாம். ஒற்றை எந்த வேரோ அதே வேர்தான் ஒற்றுமைக்கும். இரண்டிலிருந்து வந்தது இரண்டகம். உண்ட வீட்டுக்குச் செய்வது. இரட்டை நாக்கு, இரட்டை வேடம் என்று இரட்டைக்கு நாமும் நல்ல பெயர் கொடுக்கவில்லை.

ஆனால் எண்ணுக்குப் பெயர் வைக்கும்போது தமிழ் எந்தப் பக்கமும் சாயாமல் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று நின்றுகொண்டது. இதில் வரும் படையைச் சேனை என்று எடுத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் புரியாது. படை என்பதற்கு அடுக்கு என்றும் பொருள். கோயில் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று குறிக்கும்போது ஜகதிப்படை, குமுதப்படை என்று எழுதுவார்களே, அந்தப் படை. தாங்குதளத்தின் ஒவ்வொரு வரிசைக் கல்லும் ஒரு படை. ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'ஒற்றைப்பட', 'இரட்டைப்பட' என்று பேச்சில் வரும் வினை வடிவத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

வழக்கத்திலோ ஒற்றைக்குத்தான் மரியாதை. மொய் 101, 501, 1001. சீர்வரிசைத் தட்டு 11, 21. வாசல்படி ஒற்றைப்படையில். மராத்திக் கல்யாணத்திலும் ஆஹேர் என்ற மொய்க்கு இதே விதிதான்; ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரை நாடெங்கும் விற்கிறார்கள். சமமாக இரண்டு பங்கு போட முடியாத தொகை கொடுத்தால் தம்பதி பிரியமாட்டார்கள் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். எந்தக் குணத்துக்காக ஏழுக்கும் ஒன்பதுக்கும் விஷமம் என்று பட்டம் கட்டினார்களோ, அந்தக் குணத்துக்காகவே கல்யாண வீட்டில் வரவேற்பு.

மகாராஷ்டிரத்துப் பாடநூல்களில் விஷம சங்க்யாவை அச்சிடுவதும் புனே ஆள்கள்தான். மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி 1967 முதல் இங்கிருந்து இயங்குகிறது. எண்ணுக்கு என்ன பெயர் சொல்வது என்பது இந்த ஊரில் தெருச் சண்டையாகக்கூட ஆகும். 2019-இல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'பாவீஸ்' என்பதோடு 'வீஸ் தோன்', அதாவது இருபது இரண்டு, என்றும் படிக்கலாம் என்று வந்தபோது, மராத்தியே போயிற்று என்று சட்டமன்றம் வரை கூச்சல். கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மங்களா நார்லிகர், தென்னிந்திய மொழிகளைப் பாருங்கள், அங்கே எண்கள் இப்படித்தானே படிக்கப்படுகின்றன என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். நாம் இருபத்திரண்டு என்று பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறோம். அதற்காக யாரும் கொடி பிடித்ததில்லை.

மேல் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்குப் போனால் காரணிகள் வரும். தமிழில் காரணி, ஓர் எண் உண்டாகக் காரணமாக நின்று பெருக்கும் எண். வகுத்தி என்றும் எழுதுகிறோம். மீப்பெரு பொதுக் காரணி, மீப்பெரு பொது வகுத்தி என்று இரண்டு வழக்கும் உண்டு. மராத்தியில் விபாஜக், அல்லது அவயவ். 12-க்கு ஆறு அவயவம் என்றால் நமக்குக் கை கால் நினைவுக்கு வரும். எனக்கென்னவோ இந்த அவயவம் பிடித்திருக்கிறது. காரணி ஆலையில் செய்த சொல். அவயவத்துக்குச் சதை இருக்கிறது.

ஆக விஷம அவயவம் எத்தனை, சம அவயவம் எத்தனை? ஓர் எண்ணின் காரணிகளில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை என்பதுதான் கேள்வி. 12-ஐ எடுங்கள். 1, 2, 3, 4, 6, 12. ஒற்றை இரண்டு: 1, 3. இரட்டை நான்கு: 2, 6, 4, 12. இரட்டைகளை நான் வரிசை மாற்றி எழுதியதற்குக் காரணம் உண்டு. 1, 3 இரண்டையும் ஒருமுறை இரட்டித்தால் 2, 6. இன்னொரு முறை இரட்டித்தால் 4, 12. அவ்வளவுதான், தீர்ந்தது. இரட்டைக் காரணி என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. ஒவ்வொன்றும் ஓர் ஒற்றைக் காரணியை இரட்டித்து வந்தது.

முறை இது. எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். ஒற்றைப்படை எண் வந்ததும் நிறுத்துங்கள். எத்தனை முறை வகுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் நின்ற ஒற்றை எண்ணுக்கு எத்தனை காரணிகளோ, மூல எண்ணுக்கு அத்தனை ஒற்றைக் காரணிகள். அதை வகுத்த தடவையால் பெருக்கினால் இரட்டைக் காரணிகள். 360-ஐப் பாருங்கள்: 180, 90, 45. மூன்று முறை. 45-க்குக் காரணிகள் 1, 3, 5, 9, 15, 45 என ஆறு. எனவே ஒற்றைக் காரணி 6, இரட்டைக் காரணி 18, மொத்தம் 24. எழுதிப் பார்த்துச் சரிபார்க்கலாம். நேரம் பிடிக்கும், தப்பாது. காரணி காண்பதற்கென்றே நாராயண பண்டிதர் 1356-இல் எழுதிய கணித கௌமுதியில் ஒரு தனி அத்தியாயம் வைத்தார். பாகாதானம் என்று அதற்குப் பெயர்.

இப்போது சமணர்களின் நான்கு பெயர்களுக்கு வருவோம். நாலாகக் கழித்து ஒன்றோ மூன்றோ மிஞ்சினால், அதாவது கலிஓகமோ தேஓகமோ ஆனால், எண் ஒற்றைப்படை; அதற்கு இரட்டைக் காரணியே இல்லை. இரண்டு மிஞ்சினால், தாவரஜும்மமானால், எண்ணை இரண்டால் ஒரே ஒருமுறைதான் வகுக்க முடியும். ஆகவே ஒற்றைக் காரணியும் இரட்டைக் காரணியும் மிகச் சரியாகச் சமம். மிச்சமே இல்லாத கடஜும்மமானால், குறைந்தது இரண்டு முறை வகுபடும். இரட்டைக் காரணிகள் ஒற்றையைப்போல் இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ. தான்றிக்காயை அள்ளிப் போட்டு வைத்த பெயர்கள், காரணிக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்துகின்றன. சூதாடிகள் இதை நினைத்திருக்கமாட்டார்கள்.

தாவரஜும்மத்துக்குப் புனேயோடும் சென்னையோடும் உறவுள்ள ஓர் எண்ணைக் காட்டலாம்: 6174. இதைக் கண்டவர் தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். 1905-இல் தஹாணூவில் பிறந்தவர். புனே பெர்குசன் கல்லூரியில் படித்தார். மாணவராக இருந்தபோதே 1927-இல் ராங்லர் பராஞ்பே கணிதப் பரிசு பெற்றார். அந்தப் பராஞ்பே 1899-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் ராங்லராக, அதாவது முதலிடத்தில், வந்த முதல் இந்தியர். பெர்குசனுக்கு முதல்வராக இருந்தவர். காப்ரேகர் பெரிய பதவி எதற்கும் போகவில்லை. தேவ்ளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்து 1962-இல் ஓய்வு பெற்றார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் 6174-ஐப் பற்றி அறிவித்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். விடையோடு அதையே மறுபடி செய்யுங்கள். ஏழு தடவைக்குள் 6174-இல் போய் நிற்கும். அந்த மாநாட்டு ஆண்டையே போட்டுப் பார்த்தேன். 9941-இலிருந்து 1499 போனால் 8442. பிறகு 5994, 5355, 1998, 8082, 8532, 6174. சரியாக ஏழு.

காப்ரேகர் எண்களுக்குப் பெயர் வைப்பதில் தனி ஆள். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருவது என்று பொருள். வேறொரு வகைக்கு டெம்லோ. ரயில் நிலையத்தின் பெயர். விஷம என்று வைத்த பெரியவர்களைவிட இவருக்கு எண்களின்மேல் அன்பு அதிகம் என்று தெரிகிறது. அவருடைய 6174-ஐ இரண்டால் வகுத்தால் 3087, உடனே ஒற்றைப்படை. 3087 என்பது 9-ஐ 343-ஆல் பெருக்கியது. மூன்று இருமுறை, ஏழு மும்முறை. அதற்குக் காரணிகள் 12. ஆக 6174-க்கு ஒற்றைக் காரணி 12, இரட்டைக் காரணி 12. இதில் மாயம் ஏதும் இல்லை. எந்தத் தாவரஜும்மத்துக்கும் இப்படித்தான்.

ஆங்கிலத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே ஒற்றைப்படைக்கு ஆட் என்று பெயர். பழைய நார்ஸ் மொழியில் ஒட்டி என்றால் கூர்முனை. முக்கோணத்தின் இரண்டு மூலைகள் அடியில் இணையாக இருக்க, துருத்திக்கொண்டு நிற்கும் மூன்றாவது. அதிலிருந்து ஒற்றை, அதிலிருந்து 'விசித்திரம்'. சமஸ்கிருதம் கோணல் என்றது, ஆங்கிலம் விசித்திரம் என்றது, பழி ஒன்றுதான். லத்தீனுக்கும் 'இணையில்லாதது' என்ற இதே நினைப்புதான். ஆனால் அதே நினைப்பில் பிறந்த பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வந்து, இரண்டு கட்சிக்கும் இணையாகாமல் மூன்றாவதாக நிற்கிறவரைக் குறித்தது. அவர்தான் அம்பயர். ஒரு இடத்திலாவது ஒற்றைக்கு நீதிபதி நாற்காலி கிடைத்ததே.

அதைவிட வேடிக்கை ஆங்கிலக் கணிதத்தில் இருக்கிறது. ஓர் எண்ணை அடுத்தடுத்த மிகை முழு எண்களின் கூட்டாக எழுத முடியுமானால் அதை 'மரியாதையான எண்' என்கிறார்கள். 15 என்பது 7+8, 4+5+6, 1+2+3+4+5. மூன்று வழி. எத்தனை வழியோ அது அந்த எண்ணின் மரியாதை அளவு. அந்த அளவைக் காண்பது எப்படி? ஒன்றை விட்டுவிட்டு ஒற்றைக் காரணிகளை எண்ண வேண்டும். 15-க்கு 3, 5, 15. மூன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் காட்டிய தேற்றம் இது. 3 காரணி என்றால் 15-ஐ மூன்றால் வகுத்து வந்த 5-ஐ நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வோர் எண்: 4, 5, 6. 5 காரணி என்றால் 3 நடுவில், ஐந்து எண்கள். 15 காரணி என்றால் 1 நடுவில், மைனஸ் 6-இலிருந்து 8 வரை பதினைந்து எண்கள். மைனஸ்கள் 1 முதல் 6 வரை அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவது 7+8. ஒற்றை எண்ணிக்கைக்குத்தான் நடு என்று ஒன்று உண்டு. சங்கதி அதில் இருக்கிறது. 6174-க்குப் பதினொரு வழி. மூன்றாகப் பிரித்தால் 2057, 2058, 2059. நான்காகப் பிரித்தால் 1542, 1543, 1544, 1545.

மரியாதையே இல்லாத எண்கள் எவை? 2, 4, 8, 16, 32, 64. இரண்டை மட்டுமே பெருக்கி வந்தவை. ஒன்றைத் தவிர ஒற்றைக் காரணி இல்லாதவை. எத்தனை முயன்றாலும் 16-ஐ அடுத்தடுத்த எண்களின் கூட்டாக எழுத முடியாது. சமத்திலும் சமமான எண்கள் இவை. பாதி, பாதியின் பாதி என்று கடைசிவரை பிசகாமல் பங்கு போட வருபவை. மராத்தியில் விஷம அவயவங்களை எண்ணினால் ஆங்கிலத்தில் அது மரியாதைக் கணக்கு. பங்கு போடுகிறவன் வைத்த பெயர் விஷமம்; பெருக்கிப் பார்க்கிறவன் கையில் அதுவே எண்ணின் அச்சாணி. பெயர் வைத்தவர் கணக்கில் பாதிவரைதான் போயிருக்கிறார் என்பது என் கட்சி.

தமிழ்ப் பாடநூல்களில் ஒற்றை, இரட்டை என்றே இருக்கட்டும். யாரையும் திட்டாத பெயர்கள் அவை. புளியங்கொட்டை ஆட்டத்துக்கு நான் அறிந்தது ஒத்தையா ரெட்டையா என்ற பெயர் ஒன்றுதான். மராத்தியருக்குப் பேகீபோல, உங்கள் பக்கத்தில் அந்த ரெட்டைக்கு வேறு சொல் வழங்கினால் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள்.